தேருக்குத் தூக்கிட்டுப் போனவன்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் மத்தியான பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் மில்லுக்குப் போகும் பெண்கள் இரண்டு பேர். அவர்கள் பக்கத்துத் தெருவில் ஒரு சிறுமியைக் கொன்றதாகப் போலீஸ் ஒருவனைப் பிடித்திருந்தது. அதுதான் பேச்சு.

“தேரோட்டத்துக்கு அந்தப் பிள்ளையத் தோள்ல தூக்கிட்டுப் போனவனே அவன்தான்ட்டி,” என்றாள் மூத்தவள். அதற்குப் பிறகு என் காது வேறெங்கும் போகவில்லை.

“நகைக்குச் செஞ்சிருப்பான்க்கா.”

“கழுத்துல பாசிமணிதான் கெடந்துச்சு.”

“அப்பன்காரன் மேல கோவமோ என்னமோ.”

“ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் தறிக்குப் போவாக. காணோம்னதும் தெருத்தெருவாப் பேரச் சொல்லிக் கத்துனவனும் அவன்தான்.”

“குடிச்சிருப்பான்.”

“குடிக்கிறவன் எல்லாம் பிள்ளையவா கொல்லுதான்? ஆமா, ஒம்மகள யாருட்ட விட்டுட்டு வந்த?”

“எதுத்த வீட்டு அண்ணன்ட்டதான். தங்கமான மனுசன்க்கா.”

மூத்தவள் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். இளையவள் செல்லை எடுத்தாள். மில் கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டால் ஷிப்டு முடிந்துதான் தருவார்கள்.

“அண்ணே, பாப்பாட்ட குடுங்க. தூங்குதாளா? பரவால்ல, எழுப்புங்க.”

காத்திருந்தாள்.

“பாப்பா, வாசல்லயே உக்காந்து வெளையாடு. அம்மா வார வரைக்கும் உள்ள போகாத. ஏன்னு கேக்காத.”

மூத்தவள் மெதுவாகக் கேட்டாள். “அந்த மனுசன் என்னட்டி நெனைப்பாரு?”

“நெனைக்கட்டும்க்கா.”

மில் ஸ்டாப்பில் இறங்கும்போது மூத்தவளும் செல்லைக் காதில் வைத்திருந்தாள்.