ஆள் இல்லாத நேரத்தில் பூட்டவும்

எனக்குச் சும்மா உட்கார வராது, சார். உங்கள் ஸ்டேஷன் நாற்காலியில் ஒரு மணி நேரமாக இருக்கிறேன், கால் தானாக ஆடுகிறது. பயம் என்று எழுதிவிட வேண்டாம். குதிரை வளர்க்கிறவனுக்கு உட்கார நேரம் ஏது, அந்தப் பழக்கம்தான்.

பனவடலிசத்திரத்துக்கு மேற்கே ஆறு குதிரைகள் வைத்திருக்கிறேன். எல்லாம் வண்டிப் பந்தயத்தில் ஓடுகிறவை. பொன்னுச்சாமி என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது, குதிரைக்காரர் என்றால் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலேயே வழி சொல்வார்கள். குதிரையைப் பற்றி எல்லோரும் விசாரிப்பார்கள், மெஷினைப் பற்றி ஒருத்தரும் விசாரிப்பதில்லை. சோளத்தட்டை வெட்டும் மெஷின் நின்றால் ஆறு வாய்க்கும் தீனி இல்லை. கரண்டு போன நேரம் ஜெனரேட்டர் ஓடாவிட்டால் தண்ணீர் இல்லை.

அதனால்தான் இன்ஷூரன்ஸ் போட்டேன். ஆபீஸிலிருந்து சண்முகப்ரியா என்று ஒரு பெண் வந்தது. நல்ல பிள்ளை. டிராக்டர், தட்டை மெஷின், ஜெனரேட்டர் என்று ஒவ்வொன்றையும் நம்பரோடு போட்டோ எடுத்துக்கொண்டது. ஆள் இல்லாத நேரத்தில் மெஷின் கொட்டகையைப் பூட்டியே வைக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னது. அன்றிலிருந்து பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. மருதப்பன் சிரிப்பான்.

மருதப்பன் பதினோரு வருஷமாக என் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவன். பொய் சொல்லத் தெரியாதவன். யார் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவான். நல்ல குணம்தான், நான் குறை சொல்லவில்லை.

ஆடியில் தட்டை மெஷினின் மோட்டார் போனது. அடுத்த வாரமே ஜெனரேட்டர். அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். தேய்ந்துபோனதற்குக் கிடையாது, தீப்பிடித்தாலோ களவு போனாலோதான் கிடைக்கும் என்றது. அது என்ன செய்யும், பாவம். நானும் மருதப்பனும் அரிவாளால் தட்டை வெட்டினோம். ஆறு குதிரைக்கு ரெண்டு பேர் வெட்டி மாளுமா? செவலைக் குதிரைக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. லாயத்துக்கும் கொட்டகைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். சோறு இறங்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். எந்தக் கொட்டகையிலும் விளக்கு எரிகிற ஒரே நாள் அது. தீப்பிடித்தால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். மத்தியானமே குதிரைகளை எல்லாம் ஊருணிக் கரையில் கொண்டுபோய்க் கட்டினேன். அன்றைக்கு மட்டும் ஏன் என்று கேட்டீர்கள். சாம்பிராணிப் புகை அவற்றுக்கு ஆகாது. தட்டைக் கட்டுகளில் டீசல் ஊற்றியது நான்தான். விளக்கை அதன் பக்கத்தில் நகர்த்தியதும் நான்தான். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

கதவைச் சாத்தப்போன நேரம் மருதப்பன் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, உள்ள டீசல் வாடை அடிக்கி. வெளக்க அமத்திட்டு வாரேன்."

"சாமிக்கு ஏத்துன வெளக்கு வே. அதுவா குளிரட்டும்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். டீ குடிக்கப் போகிறவன் மாதிரி நான் ரோடு வரைக்கும் போனேன். இருப்புக் கொள்ளவில்லை. பூட்டினேனா, இல்லையா? திரும்பி வந்தால் கதவு திறந்து கிடந்தது, உள்ளே புகை. சாத்தினேன், கொண்டியைப் போட்டேன், பூட்டினேன், இழுத்துப் பார்த்தேன். ஆள் இல்லாத நேரத்தில் பூட்டியிருக்க வேண்டும், கண்டிஷன் அது.

தகரம் படபடவென்று அடித்தது. சூடேறினால் தகரம் சத்தம் போடும் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பிறகு சத்தம் நின்றது. மருதப்பன் பெண்டாட்டி வள்ளித்தாயை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. இன்ஷூரன்ஸ் லிஸ்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆளுக்கு என்று அதில் இடமே இல்லை. குதிரைகள் ஆறும் பத்திரமாக இருக்கின்றன, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது அவன் செருப்பைப் பற்றி. பூஜை போட்ட கொட்டகைக்குள் நாங்கள் யாரும் செருப்போடு போக மாட்டோம். அப்படியானால் அது வாசலில் அல்லவா கிடக்க வேண்டும், வேப்பமரத்தடிக்கு எப்படிப் போனது என்கிறீர்கள். நியாயமான கேள்வி. வாசலில்தான் கிடந்தது. அது வெளிப்பக்கம் திறக்கிற கதவு, சார். செருப்பு இடித்தது, சாத்த முடியவில்லை. அதனால் எடுத்துக்கொண்டுபோய் மரத்தடியில் ஜோடியாக வைத்துவிட்டு வந்து பூட்டினேன். போன மாதம் நான் வாங்கிக் கொடுத்த செருப்பு. தீயில் கருகிவிடக் கூடாதே என்று கொஞ்சம் தள்ளியே வைத்தேன்.