மிளகு போடாத ரசம்

மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டு ரசத்துக்கு நல்ல பெயர் உண்டு, மேடம். எத்திராஜுக்கு மட்டும் மிளகு போடாமல், புளி குறைத்துத் தனியாக வைப்பேன். வாய் வெந்தவருக்குக் காரம் ஆகாது.

பதினெட்டு வருஷமாக இந்த ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருக்கிறேன். நீங்கள் விசாரிக்கிற அந்த மருந்துச் சோதனைக்கு வாராவாரம் மருந்து எடுத்துக் கொடுத்தவளும் நான்தான். தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வாங்குகிறவர்களின் வாய் வெந்துபோகாமல் காக்க, நானோ துகள் கலந்த கொப்பளிப்பு மருந்து. பாதிப் பேருக்கு அது. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று கம்ப்யூட்டருக்கு மட்டுமே தெரிய வேண்டும். எனக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் அசையாமல் இருந்தால் நிஜ மருந்தின் அடியில் மெல்லிய மஞ்சள் படியும்.

சௌம்யாவுக்குத் தண்ணீர். மடியில் இரண்டு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு, எச்சில் விழுங்க முடியாமல் அழுவாள். எத்திராஜுக்கு மருந்து. பொம்மசந்திராவில் வாட்ச்மேனாக இருந்தவர்; கேன்டீனில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து, "இன்னாம்மா, மூஞ்சிய உம்முனு வெச்சிக்கினு கீறே? ஊட்டுக்காரரு திட்னாரா?" என்பார்.

ஒரு திங்கட்கிழமை, பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து, இருவர் பாட்டில்களிலும் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டினேன்.

சௌம்யா தேறினாள். "ஆன்ட்டி, பாப்பாவோட ஒக்காந்து தயிர் சாதம் சாப்ட்டேன்" என்றாள்.

எத்திராஜுக்கு உதடு வெடித்தது. "தண்ணி மாதிரி கீதும்மா. மருந்த மாத்திட்டாங்களா?"

"அதே மருந்துதான், பெரியவரே" என்றேன். அன்றிலிருந்துதான் ரசம். ஸ்பூனால் ஊட்டி, வாயைத் துடைத்துவிடுவேன். கையெடுத்துக் கும்பிடுவார்.

ஒவ்வொரு திங்களும் புது பாட்டில்கள் வரும். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பேன். விட்டுவிட்டால் சௌம்யா மறுபடி அழுவாள். வெளியே சொன்னால் அவள் மருந்தும் நின்றுவிடும். கை குளிரில் விறைத்த பிறகு, மறுபடியும் மாற்றி ஒட்டுவேன்.

ஐந்தாம் வாரம் எத்திராஜ் வரவில்லை. நான்கு நாள் ஒன்றும் இறங்காமல் அறையிலேயே கிடந்து இறந்துபோய்விட்டார் என்று அறையை வாடகைக்கு விட்டவர் போன் செய்து சொன்னார்.

ஏன் அவர் என்று கேட்கிறீர்கள். நிஜ மருந்து பதினோரு பேருக்குப் போயிற்று. மற்ற பத்துப் பேருக்கும் கூட வந்து கேள்வி கேட்க ஆள் இருந்தது. வேறு காரணமில்லை.

ஆனால் ஒன்று, மேடம். வாய் வெந்த பிறகு அவர் இங்கே வந்த ஒரு நாளும் நான் ரசம் கொடுக்காமல் அனுப்பியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.