பானெட் பட்டறையில் பற்றிய தீ

என் பெயர் வள்ளி, வயது 36, கணவர் பெயர் இருசப்பன். திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலையில் கணவரோடும் மகளோடும் குடியிருந்து வருகிறேன். செங்கம் சாலையில் மாறன் என்கிற இன்ஜினியர் நடத்திவரும் ஃபைபர் பட்டறையில் நானும் என் கணவரும் வேலை செய்கிறோம். அவரை சார் என்று கூப்பிடுவோம்.

காருக்கு இரும்புக்குப் பதிலாக எடை கம்மியான பானெட், அதாவது இன்ஜின் மேல்மூடி, செய்வது எங்கள் வேலை. அச்சில் கண்ணாடி இழைப் பாயை விரித்து, அதன்மேல் ரெசின் என்கிற பிசினைப் பூசி இறுக விடுவோம். என் கணவர் ரெசின் கலப்பார், நான் ஓரம் தேய்ப்பேன். ஒரு பானெட் இறுக அரை நாள் ஆகும். டீ குடித்து வருவதற்குள் இறுகினால்தான் கார் கம்பெனி ஒத்துக்கொள்ளும் என்று சார் புதுக் கலவை செய்து பார்த்துவந்தார். கெட்டிக்காரர்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவசரக்காரர்.

போன பௌர்ணமி அன்று கம்பெனிக்கு மாதிரி பானெட் போக வேண்டியிருந்தது. கிரிவலக் கூட்டத்துக்காகச் சாலையை அடைத்துவிட்டால் லாரி போகமுடியாது என்று சார் காலையிலிருந்தே விரட்டிக்கொண்டிருந்தார். வேகம் கூட்டும் கோபால்ட் மருந்தை முதலில் ரெசினில் விட்டு நன்றாகக் கலக்கிய பிறகுதான் இறுக வைக்கும் ஹார்ட்னரை விட வேண்டும், அந்த இரண்டும் நேராகச் சேர்ந்தால் வெடிக்கும். இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே சார்தான். அன்று அவர், "தள்ளுப்பா, நானே ஊத்தறேன்" என்று என் கணவரை ஒதுக்கிவிட்டு, போனில் பேசியபடியே கோபால்ட் இருந்த குவளையில் ஹார்ட்னரை ஊற்றினார். "ஐயோ சார், அதுல ஊத்தாதீங்க" என்று கத்திக்கொண்டு என் கணவர் குவளையைத் தட்டிவிடப் போனார். அதற்குள் அது சீறி வெடித்துத் தீயோடு என் கணவர் முகத்தில் அடித்தது. சாருக்குக் கையில் மட்டும் காயம். அதன்பிறகு நான் ஈரச் சாக்கைப் போர்த்தித் தீயை அணைத்து, என் கணவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை. மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று என் கணவர் கேட்டார். அவருக்குக் கண் தெரியவில்லை.

அதன்பிறகு, என் கணவர் பீடி பற்றவைத்ததால்தான் தீப்பிடித்தது என்று சார் போலீசில் எழுதிக்கொடுத்திருப்பதாக அறிந்தேன். என் கணவர் பீடி பிடிப்பவர்தான். ஆனால் பௌர்ணமி அன்று மலையைச் சுற்றி முடிக்கும்வரை பீடியைத் தொடமாட்டார். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சென்னையிலிருந்து வந்த சாருக்கு அது தெரியவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில், கண்கட்டோடு படுத்திருந்த என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பீடிதான்னு சொல்லிடு வள்ளி. வைத்தியமும் பாக்கறேன், உனக்கு வேலையும் குடுக்கறேன்னு சார் சொல்லிட்டாரு" என்றார். கண் போனது போதாதா, பழியையும் இவரே சுமக்க வேண்டுமா? அவரிடம் சொல்லாமல் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நாளை நீங்கள் அவரைக் கேட்டால், பீடி பிடித்தேன் என்றுதான் சொல்வார். நானும் மகளும் பட்டினி கிடக்கக்கூடாது என்பதற்காகச் சொல்லும் பொய் அது. அதை எழுதிக்கொள்ளாதீர்கள் ஐயா.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதல்ல.

(ஒப்பம்) இ. வள்ளி