அந்தோனியாருக்கு நேர்ந்த கலவாய்

சிலாவத்துறை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு மீனவரும் அவருடைய மைத்துனரும். கடல் ஜன்னலோடு கூடவே ஓடி வந்தது.

“அந்தோனியாருக்கு நேர்ந்த கலவாய் மீன் கண்ணுக்கு முன்னால நிக்குது மச்சான். ஆனா மீன்பிடி தடைசெய்த பவளப்பாருக்குள்ள நிக்குது,” என்றார் மீனவர்.

“வெளியில ஒண்டைப் பிடிச்சுக் குடுங்கோவன், அத்தான்.”

“வெளியில கிடக்கிறதெல்லாம் உள்ளங்கை அளவு. மகள் பிழைச்சா கை நீளத்தில ஒண்டு தாறன் எண்டு நேர்ந்தனான். பிள்ளை எழும்பி நடக்குது. ஞாயிறு திருநாள்.”

“அது எல்லை மிதவைக்கு இஞ்சால வருமட்டும் பாத்து நில்லுங்கோ.”

“நிண்டனான். மூக்கை மட்டும் இஞ்சால நீட்டிப்போட்டு உள்ள போகுது. முந்தி வெறும் கல்லாக் கிடந்த பார். தடை போட்டாப்பிறகு எல்லாம் கொழுத்துப்போய், பயமில்லாமல் திரியுதுகள்.”

“தூண்டிலை உள்ள எறிஞ்சா?”

“களவெடுத்த மீனைப் புனிதருக்குக் குடுக்கிறதோ?”

மைத்துனர் தாடையைச் சொறிந்தார்.

“அப்ப அந்தோனியாற்ற சுருவச் சிலையை வள்ளத்தில ஏத்துங்கோ. மிதவையடியில நிண்டு, ‘உது உம்முடையது’ எண்டு காட்டுங்கோ. பிடிக்கத்தானே தடை? குடுக்கத் தடையில்லையே.”

மீனவர் கடலைப் பார்த்துத் தலையாட்டினார்.

“ஓம். மகளையும் ஏத்திக்கொண்டு போறன். அவளுக்காக நேர்ந்தது எவ்வளவு பெரிசு எண்டு அவளும் பாக்கட்டும்.”