தவணை தவறவில்லை

— கேஸ் போட மாட்டேன்னா மாட்டேன், தம்பி. எம் புருசன் செத்துட்டாருன்னு எந்தப் பொம்பளையாவது தன் வாயால சொல்லுவாளா?

— ஏழு வருசமா ஒரு தகவலும் இல்லியே, அண்ணி. இன்சூரன்சு பத்திரத்துல அண்ணன் கொளஞ்சியம்மாள்னு ஒங்க பேரத்தான குடுத்துருக்காரு. நீங்க கோர்ட்ல வந்து சொன்னாத்தான் பணம் வரும்னு அரியலூர் வக்கீலு சொல்றாரு.

— வந்தா ஒனக்கென்ன?

— எங்கம்மாவுக்கு அதுல பங்கில்லியா? பெத்தவதான?

— பெத்தவளுக்கா, இல்ல அவ சின்ன மவன் ராசாங்கத்துக்கா?

— பாத்தீங்களா, இந்தக் குத்தல் பேச்சுதான வேணாங்கறது.

— சரி, ஒண்ணு கேக்குறேன், மழுப்பாம சொல்லு. அன்னிக்குக் கெணத்து மேட்டுல நீயும் ஒங்கண்ணனும் மம்பட்டியும் கையுமா நின்னீங்க. விடிஞ்சா அவரக் காணோம். செத்துட்டாருன்னு ஒனக்கு மட்டும் எப்புடிய்யா அவ்வளவு நிச்சயம்?

— அட கடவுளே! தண்ணி மொறைக்கு வந்த சண்டை அண்ணி அது. கூடப் பொறந்தவன வெட்டிப் பொதைச்சிட்டேங்கறீங்களா?

— நான் சொல்லல. நீதான் சொல்ற.

— அப்ப நானும் கேக்குறேன். அவரு சாவலன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு, அந்த பாலிசிக்கு மட்டும் ஏன் கமுக்கமா பணம் கட்டிக்கிட்டு வரீங்க?

— நானா?

— நடிக்காதீங்க. பெரம்பலூர்ல ஏஜெண்டு செல்லமுத்து சொல்லிட்டாரு. ஒரு தவணை கூட நிக்கலயாம். வருசா வருசம் ஆபீசுக்கு மணியார்டர் வந்துடுதாம்.

— களை வெட்டுற கூலி எனக்கும் எம் மவ மலர்க்கொடிக்கும் சோத்துக்கே காணல, இதுல மணியார்டரா? எங்கிட்டயும்தான் சொன்னாரு அந்தாளு. நீதான் கட்டுறன்னு நெனச்சு அன்னிலேர்ந்து வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுக் கெடக்கேன். ஆளு செத்தது தெரிஞ்சவன்தான விடாம கட்டுவான்?

— எம் புள்ள மேல சத்தியமா நான் ஒரு பைசா கட்டல, அண்ணி.

— நானும் கட்டல.

— பின்ன யாரு?

— எந்த ஊருலேர்ந்து வருதாம்?

— கேக்கலியே. நீங்கதான்னு நெனச்சு வுட்டுட்டேன்.

— ஒங்கம்மாவோ?

— அம்மாவுக்கு ஏது காசு? இப்புடி ஒரு பாலிசி இருக்கறதே குடும்பத்துல நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். நம்மள வுட்டா, அண்ணனுக்கு... அண்ணி! அண்ணன் உசுரோட இருக்காரு!

— ம்.

— என்ன அண்ணி, சந்தோசப்படாம செவுத்தப் பாத்துக்கிட்டு? நாளைக்கே போயி ஊரு பேரு விசாரிச்சு, கையோட கூட்டியாந்துடுறேன்.

— வேணாம்.

— வேணாமா?

— ஒன்னக் கொலைகாரன்னு மனசுக்குள்ள எத்தினி வருசம் வஞ்சிருப்பேன். புள்ள காச்சல்ல பேச்சு மூச்சில்லாம கெடந்தப்பக்கூட, அவரு எந்தக் கெணத்துல கெடக்குறாரோன்னுதான் அழுதேன். ஆபீசுக்குத் தவறாம அனுப்பத் தெரிஞ்ச மனுசன், எனக்கு ஒரு கார்டு போடலியே தம்பி!

— கோவத்துல பேசாதீங்க, அண்ணி. வக்கீலுக்கிட்ட கேஸ் வேணாம்னு சொல்லிட்டு, நான் போயி...

— கேஸ் போடச் சொல்லு. நாளைக்குப் பொட்டில்லாம வரேன்.