நாற்பது கட்டம்

சந்திரகலா: நேரா போங்க. ஏங்க இந்த ரோட்டுல திரும்புறீங்க?

சுகுமாறன்: காடிக்கு எண்ணெ ஊத்த வேணாமா?

சந்திரகலா: காலையிலதான ஊத்துனீங்க.

சுகுமாறன்: அது... பாதிதான் ஊத்துனேன்.

சந்திரகலா: மீட்டர் முள்ளு மேல நிக்குது.

சுகுமாறன்: அந்த முள்ளு பொய் சொல்லும். பழைய காடி, அப்படித்தான்.

சந்திரகலா: காடி மட்டுமா...

சுகுமாறன்: என்ன முணுமுணுக்குற?

சந்திரகலா: ஒண்ணுமில்ல. ஷா ஆலாம் வன இலாகா ஆபீஸ்ல அஞ்சு மணிக்குக் கவுண்டர் மூடிடுவாங்க. இப்பவே மணி ரெண்டே கால். இன்னைக்குக் கடைசி நாள்.

சுகுமாறன்: ஜெஞ்சாரோம் தாண்டி பாதி தூரம் வந்தாச்சு. இனி என்ன மூணு மணி நேரமா ஆகும்? நாலு பெட்டி கடுதாசிய ஏத்துறதுக்கு நம்ம தாமான்ல இருக்குற அத்தன வீடும் கூடி நின்னுச்சு. பக்கத்து வீட்டு வள்ளியம்மாக்கா டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வேற வச்சாங்க. நான் என்ன புதுக் காடியா வாங்கிட்டேன்?

சந்திரகலா: அறுநூத்திப் பன்னிரண்டு பேரு கையெழுத்துப் போட்ட ஆட்சேபக் கடுதாசிங்க. கிண்டல் பண்ணாதீங்க.

சுகுமாறன்: கிண்டல் இல்ல லா. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் அம்மாவுக்கு டிரைவர் வேல பாக்குறேன். மரியாதையாத்தான் பாக்குறேன். ஆனா வயிறுன்னு ஒண்ணு இருக்கே. கிள்ளான்ல எறங்கி ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போவமே.

சந்திரகலா: வீட்டுல சாப்பிட்டோமே.

சுகுமாறன்: நீ சாப்பிட்ட. நான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

சந்திரகலா: மூணு தடவ சோறு போட்டேன்.

சுகுமாறன்: அப்ப சூடா ஒரு தே தாரிக்காவது குடிச்சுட்டு...

சந்திரகலா: சரி, கிள்ளான் வந்ததும் நிறுத்துங்க.

சுகுமாறன்: என்னது... சரின்னுட்ட?

சந்திரகலா: குடிக்கணும்னீங்க. குடிங்க.

சுகுமாறன்: இருபத்தாறு வருஷத்துல கேட்டவொடனே சரின்னு சொன்னது இதுதான் மொத தடவ. ...அண்ணே, ரெண்டு தே! ஒண்ணு சீனி கொஞ்சமா. வா கலா, அந்த ஃபேனுக்குக் கீழ உக்காரு.

சந்திரகலா: இங்கயே உக்காருவோம். பெட்டிங்க கண்ணுல படட்டும்.

சுகுமாறன்: வெறும் பேப்பர எவன் திருடப் போறான்? காட்டுல வீடு கட்டப் போற கம்பெனிக்காரன் கிள்ளான் சாப்பாட்டுக் கடைக்கு வந்து உன் பெட்டிய தூக்கிட்டு ஓடுவானா?

சந்திரகலா: அவன் ஏன் ஓடணும்? அவனுக்குக் காட்ட அளந்து எழுதுன அந்த அறிக்கையே போதும். நூத்தி எம்பது பக்கம். நம்ம பக்கத்துப் பாயா மெரந்தி சதுப்புக் காட்டுல பெரிய மரமே இல்லயாம். காடு அழிஞ்சு போன நிலையில இருக்காம். அதனால பாதுகாக்கப்பட்ட காட்டுப் பட்டியல்லேருந்து எடுத்துட்டு வீடு கட்டலாமாம்.

சுகுமாறன்: அதுலயும் ஒரு ஞாயம் இருக்குல்ல...

சந்திரகலா: என்ன ஞாயம்?

சுகுமாறன்: கோபப்படாம கேளு. மரத்த வெட்டக் கூடாதுன்னு வச்சிருக்காங்க. சரி. வெட்டாத காட்டுக்கு வருஷா வருஷம் செலவு மட்டும்தான். காவலுக்கு ஆளு, நெருப்பு அணைக்க பம்ப்பு. மாநிலத்துக்கு வருமானம் எங்கேருந்து வரும்? நிலத்துலேருந்துதான். நிலமா மாத்துனா வரி வரும், வீடு வரும், வேல வரும். காட்ட சும்மா விட்டு வச்சா எவனும் ஒரு காசு தரமாட்டான்.

சந்திரகலா: இத எங்க படிச்சீங்க?

சுகுமாறன்: ஊர்ல பேசுறதுதான்.

சந்திரகலா: அந்த அறிக்கையில நாப்பத்திரெண்டாம் பக்கம். வார்த்தைக்கு வார்த்த அப்படியே இருக்கு.

சுகுமாறன்: அப்படியா? பெரிய ஆளுங்க எல்லாம் ஒரே மாதிரி யோசிப்போம் போல.

சந்திரகலா: அறிக்கைய நீங்க தொறந்தே பாக்கலன்னு நெனச்சேன். இருபது வருஷமா காட்டுல மரம் அளக்குற ஆளு, படிச்சுச் சொல்லுங்கன்னு மேசை மேல வச்சேன். மூணு வாரமா அங்கேயே கெடந்துச்சு.

சுகுமாறன்: கண்ணாடி உடைஞ்சிருச்சுன்னு சொன்னேன்ல.

சந்திரகலா: பேப்பர்ல பந்து வெளையாட்டு மட்டும் கண்ணாடி இல்லாம படிக்க முடியுது.

சுகுமாறன்: அது பெரிய எழுத்து லா...

சந்திரகலா: அந்த நாப்பத்திரெண்டாம் பக்கத்துல எழுதாதது ஒண்ணு இருக்கு. போன வறட்சியில காட்டோரம் பத்தி எரிஞ்சப்ப எங்க பள்ளிக்கூடத்தப் பதினோரு நாள் மூடுனோம். ஆபீஸ்ல டைப் அடிக்கிற கிராணின்னு நான்தான் நோட்டீஸ் அடிச்சேன். வள்ளியம்மாக்கா மூச்சு விட முடியாம ஆறு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தாங்க. நெருப்பு மேல இல்ல, மண்ணுக்குள்ள எரிஞ்சுது. அந்தச் செலவ யாரு பேர்ல எழுதுறது? தண்ணி நிக்கிற வரைக்கும்தான் அந்த மண்ணு எரியாம இருக்கும். வாய்க்கால் வெட்டித் தண்ணிய வடிச்சுட்டா—

சுகுமாறன்: தெரியும், தெரியும். எனக்கே பாடம் எடுக்குறியா?

சந்திரகலா: பதிலுக்கு வேற எடத்துல காடு தர்றாங்களாம். எங்க தெரியுமா? செமினி பக்கம், மணல் அள்ளி முடிச்ச குட்டை. அங்கயும் அதே ஏக்கர், இங்கயும் அதே ஏக்கர். சரியாப் போச்சாம்.

சுகுமாறன்: குட்டையில மீனாவது இருக்கும்.

சந்திரகலா: சிரிப்பு வருதா உங்களுக்கு?

சுகுமாறன்: சிரிக்காம என்ன செய்யச் சொல்ற? நீயும் நானுமா தடுக்கப் போறோம்? அறுநூறு கடுதாசிய வாங்கி ஒரு மூலையில போடுவான். முத்திரை குத்துவான். வாங்க ஆன்டி, போங்க ஆன்டின்னு அனுப்பிடுவான்.

சந்திரகலா: நாலாவது பாயிண்ட் இருக்குற வரைக்கும் போட முடியாது.

சுகுமாறன்: அதென்ன நாலாவது பாயிண்ட்?

சந்திரகலா: எல்லாக் கடுதாசியிலயும் அதான் முக்கியம். உங்களுக்குத் தெரியாதா?

சுகுமாறன்: நீ சொன்னாத்தான தெரியும்.

சந்திரகலா: காட்டுல மரம் எவ்வளவு இருக்குன்னு கண்டுபிடிக்க, அங்கங்க கட்டம் போட்டு அளப்பீங்க இல்ல?

சுகுமாறன்: ம்... நாலு பக்கமும் கயிறு கட்டி, உள்ள இருக்குற ஒவ்வொரு மரத்தையும் நெஞ்சு உயரத்துல டேப்பு சுத்தி அளக்கணும். அத வச்சு மொத்தக் காட்டுக்கும் கணக்குப் போடுவாங்க.

சந்திரகலா: பாயா மெரந்தியில நாப்பது கட்டம். கடைசிப் பக்கங்கள்ல அந்த எண்ணெல்லாம் இருக்கு. மொத எட்டு கட்டம் சரி. ஒம்பதாவதுலேருந்து பாத்தா, ஒண்ணாவது கட்டத்து எண்ணு அப்படியே திரும்பி வருது. பத்தாவதுல ரெண்டாவது கட்டம். கடைசி வரைக்கும் எட்டே கட்டத்த மாத்தி மாத்தி எழுதியிருக்கான்.

சுகுமாறன்: தப்பா டைப் அடிச்சிருப்பான்.

சந்திரகலா: இருபது வருஷமா டைப் அடிக்கிறேன். அது டைப் அடிச்ச தப்பில்ல. வாய்க்கால் ஓரமா எரிஞ்சு போன எடத்துல எட்டு கட்டம் போட்டுட்டு, உள்ளயே போகாம மிச்சத்த எழுதிட்டான். புதரா கெடக்குற ஓரத்த அளந்தா பெரிய மரம் எப்படி வரும்?

சுகுமாறன்: அதான... பெரிய மரமெல்லாம் உள்ளதான் நிக்கும். ரெண்டு பேரு கை கோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாது. வேரு தண்ணிக்கு மேல—

சந்திரகலா: உள்ள போயிருக்கீங்களா?

சுகுமாறன்: ...கேள்விப்பட்டிருக்கேன்.

சந்திரகலா: யாரு சொன்னா?

சுகுமாறன்: மறந்து போச்சு. தே ஆறுது, குடி.

சந்திரகலா: நாலாவது பாயிண்ட் அதுதான். கட்டம் போட்டு அளந்ததாச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன விசாரிக்கணும். அறிக்கைய ரத்து பண்ணணும். காட்ட மறுபடியும் அளக்கணும்.

சுகுமாறன்: கையெழுத்துப் போட்டவனப் பிடிச்சு என்ன ஆகப் போகுது? அவன் கூலிக்கு வேல பாக்குறவன். மேல கம்பெனி இருக்கு, கன்சல்டன் இருக்கான், கோட்டு போட்ட ஆளுங்க இருக்காங்க. அவங்கள எல்லாம் விட்டுட்டு டேப்பு பிடிச்சவன் கழுத்த ஏன் பிடிக்கிற?

சந்திரகலா: பொய்ய மொதல்ல எழுதுனது அவன்தான?

சுகுமாறன்: அவன் நெலம உனக்குத் தெரியுமா?

சந்திரகலா: நீங்க சொல்லுங்க. தெரிஞ்சுக்குறேன்.

சுகுமாறன்: நாப்பது கட்டத்துக்குக் கம்பெனிக்காரன் அஞ்சே நாள் குடுத்தான். அஞ்சு நாள்! நல்ல மழ நாள்ல. மூணு நாள் ஓரத்துல எட்டு கட்டம் போட்டோம். நாலாவது நாள் உள்ள எறங்குனோம். கோப்பி கலர்ல தண்ணி, இடுப்பளவு. அடுத்த அடி வச்சா நெஞ்சளவு. என்கூட டேப்பு பிடிக்கிற கார்த்திகேசு மொதல்ல போனான், அப்படியே முழுகிட்டான். கையி மட்டும் வெளிய தெரியுது. நான்தான் முடியப் பிடிச்சு இழுத்தேன். வெளிய வந்து கறுப்பா வாந்தி எடுத்தான். அவனுக்கு வீட்டுல மூணு புள்ளைங்க. இன்னொரு தடவ எறங்குன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?

சந்திரகலா: அப்புறம்?

சுகுமாறன்: கம்பெனிக்குப் போன் போட்டேன். 'அண்ணே, சும்மா காட்டுல கார்பன் எவ்வளவு இருக்குன்னு ஒரு உத்தேசக் கணக்குத்தான், எழுதிக் குடுத்துடுங்க'ன்னான். எங்க ஆளுங்க எல்லாரும் செய்யிறதுதான் கலா. தண்ணி ஜாஸ்தியா இருந்தா பக்கத்துக் கட்டத்த எழுதிடுவோம். வழக்கமா ஒண்ணு ரெண்டு எழுதுவோம். இது... முப்பத்திரெண்டு. லோரியிலயே உக்காந்து எழுதுனேன். அத வச்சுக் காட்டையே எடுப்பாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.

சந்திரகலா: எப்ப தெரிஞ்சுது?

சுகுமாறன்: காட்ட எடுக்கப் போறதா வந்த நோட்டீஸ நீ தூக்கிட்டு வீட்டுக்கு வந்தியே... அன்னைக்கு.

சந்திரகலா: அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

சுகுமாறன்: 'உனக்கு எதுக்கு இந்த வேல'ன்னேன். பயம் லா. வேற என்ன? இனி ஒரு கம்பெனியும் கூப்பிடமாட்டான். உள்ள தூக்கி வச்சாலும் வைப்பான். அதுகூடப் பரவால்ல. தாமான்ல வீடு வீடா போயி நீ கையெழுத்து வாங்குன. அவங்க எல்லாரும் யார விசாரிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாங்க? உன் புருஷன. வள்ளியம்மாக்கா மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்?

சந்திரகலா: அதான் எண்ணெ, சாப்பாடு, தே தாரிக்கா?

சுகுமாறன்: ஆமா. அஞ்சு மணி தாண்டிட்டா எல்லாம் முடிஞ்சு போயிடும்னு நெனச்சேன். போதுமா? கேவலமாத்தான் இருக்கு. திட்டு கலா, நல்லா திட்டு.

சந்திரகலா: காடிய எடுங்க.

சுகுமாறன்: எங்க? வீட்டுக்கா?

சந்திரகலா: ஷா ஆலாமுக்கு.

சுகுமாறன்: ...சரி. அண்ணே, காசு மேசையில இருக்கு! வா, வா. மூணே முக்கால்தான் ஆகுது. மேரு பக்கத்து லோரியெல்லாம் இந்நேரத்துக்கு ரோட்டுக்குள்ள வந்துடுவான், ஆனா ஹைவேயில ஏறிட்டா பிடிச்சுடலாம். பெல்ட் போட்டுக்க.

சந்திரகலா: மெதுவாப் போங்க.

சுகுமாறன்: என்ன மெதுவா? இத்தன நேரம் அவசரப்படுத்திட்டு... கேளு. கவுண்டர்ல நீ பெட்டியக் குடு. நான் பக்கத்துல நின்னு சொல்லிடுறேன். 'இந்த நாப்பது கட்டத்த எழுதுனது நான்தான், முப்பத்திரெண்டு பொய்யி'ன்னு. எழுதிக் கேட்டாலும் எழுதிக் குடுக்குறேன். எழுதுனவனே சொன்னா அந்த அறிக்கைய வச்சுக்கிட்டு எவனும் அசைய முடியாதுல்ல?

சந்திரகலா: முடியாது.

சுகுமாறன்: பாத்தியா! அறுநூறு கடுதாசிய விட இது பெருசு. ஆனா கடுதாசியும் வேணும். ஆட்சேபம்னு ஒண்ணு பதிவாகியிருந்தாத்தான் விசாரணையே வைப்பான், அப்பத்தான் நான் சொல்றதக் கேப்பான். தாமான் கூட்டத்துல நீதான சொன்ன.

சந்திரகலா: ஆமா. நான்தான் சொன்னேன்.

சுகுமாறன்: கோபமா இருக்க. இரு, ஞாயம்தான். ஆனா எனக்கு இப்பத்தான் நெஞ்சு லேசாச்சு தெரியுமா? ஒரு மாசமா தூக்கமே இல்ல. உன்கிட்ட சொல்லிட்டேன்ல, இனி எவன்கிட்ட வேணும்னாலும் சொல்லுவேன். கார்த்திகேசுவையும் கூட்டிக்கிட்டு வரேன். அவனும் சொல்லுவான்... ஏன் அழுவுற? அழுவாத லா. இந்தா, வந்தாச்சு. இந்தக் கட்டடம்தான? மணி நாலே முக்கால். கால் மணி நேரம் இருக்கு! எறங்கு கலா. நான் ரெண்டு பெட்டிய தூக்குறேன், நீ அந்த ஃபைல மட்டும் எடுத்துக்க. கதவு இன்னும் தொறந்துதான் இருக்கு, பாரு... என்ன உக்காந்தே இருக்க? எறங்கு லா!

சந்திரகலா: பெட்டியக் கீழ வைங்க. கடைசி நாள் போன வெள்ளிக்கிழமையே முடிஞ்சு போச்சு. இன்னைக்கு, திங்கக்கிழமைக்குத் தள்ளி வச்சிருக்காங்கன்னு தாமான் முழுக்கப் பொய் சொன்னது நான்தான். உங்க கையெழுத்த மூணு வாரத்துக்கு முன்னாடியே அந்த அறிக்கையில பாத்துட்டேன். பாத்த பக்கத்த மடிச்சுத்தான் உங்க முன்னாடி மேசையில வச்சேன். நானே உங்கள மாட்டி விட மனசு வரல. நீங்களா ஒரு வார்த்த சொன்னா பெட்டியத் தூக்கிட்டுப் போயிடலாம்னு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் செருப்பக்கூடக் கழட்டாம வாசல்லயே உக்காந்திருந்தேன். அஞ்சு மணி அடிக்கிறப்ப நீங்க காடி கழுவிக்கிட்டு இருந்தீங்க.