மெஷின் சொன்ன எண்

ஸ்டேஷன் டீ நல்லா இருக்கு சேர். சீனிதான் கொஞ்சம் கூட. நீங்களும் ஆற விடாமக் குடிங்க, எல்லாம் நானே சொல்றேன்.

என் தம்பி இப்திகாருக்கு அலுவிகாரையில வீடு. பொஞ்சாதி நிப்லா, நாலு வயசு மகள். போன நோன்புல நிப்லா பிள்ளையையும் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. அடி தாங்கலையாம். எந்த வீட்லதான் சண்டை இல்ல? ஒரு கை உடைஞ்சதைப் போய் ஊரெல்லாம் பேசலாமா? தம்பி சாப்பிடாமக் கிடந்ததை என்னால பார்க்க முடியல.

இப்படி ஓடி வார பொம்பளைங்களை மறைச்சு வெக்க ஒரு சங்கம் இருக்கு. அவங்க விலாசமெல்லாம் எங்க கம்பனி சேர்வர்ல, பூட்டின மெஷின் ஒண்ணுக்குள்ள. ஓட்டுறது நாங்க. ஆனா எங்களாலேயே உள்ள பார்க்க முடியாது. மெஷின் எழும்பும்போது, அதை எழுப்புற அடி மென்பொருளான ஃபேர்ம்வெயாரையும் சிஸ்டத்தையும் உள்ள இருக்கிற சிப் அளந்து ஒரு எண் கொடுக்கும். நம்மகிட்ட இருக்கிற சரியான எண்ணோட அது பொருந்தினாத்தான் சாவி கிடைக்கும். எவனாவது கை வெச்சிருந்தா எண் மாறிடும், திறக்காது.

அப்டேட் வந்தா சரியான எண்ணும் மாறும். அதை என்னோட வேலை செய்ற துஷாந்தினி தனியாக் கணக்குப் பண்ணி எடுப்பா. மெஷின்கிட்ட கேக்கவே மாட்டா. "கள்ளன்கிட்டயே நீ கள்ளனான்னு கேக்கவா, நானா?" என்பா. அண்ணன் மாதிரின்னு என்னை நானான்னுதான் கூப்பிடுவா. கெட்டிக்காரி.

அவ தீபாவளி லீவுல போனப்ப ஒரு அப்டேட் வந்துச்சு. ஃபேர்ம்வெயார்ல எனக்கொரு வாசல் வெச்சேன். மெஷின் சொன்ன எண்ணையே சரியான எண்ணுன்னு பதிஞ்சேன். பச்சை விழுந்துச்சு, சாவி கிடைச்சுச்சு. உள்ள நிப்லாட விலாசம்: வில்கமுவ, கால்வாய்க்குப் பக்கத்து வீடு.

தம்பிகிட்ட சும்மா தூக்கிக் கொடுக்கல சேர், நான் பொறுப்பான ஆள். முன்னால உக்கார வெச்சுக் கேட்டேன்.

"இனி கை நீட்டுவியாடா?"

"அல்லாஹ் மேல சத்தியமா இல்ல நானா. நான் மாறிட்டேன்."

வேற யாரைக் கேக்கணும்? அவன் மனசு அவனுக்குத்தானே தெரியும். கொடுத்தேன். அவன் ஓங்கின மம்பட்டி அந்த வீட்டு முற்றத்துல கிடந்தது, அவன் இங்கேருந்து ஒண்ணும் கொண்டு போகல. நிப்லாட ஜனாஸாத் தொழுகையில முன்வரிசையில நின்னேன். அழுதேன் சேர்.

பிள்ளை கட்டிலுக்குக் கீழ ஒளிஞ்சு தப்பிட்டா, அல்ஹம்துலில்லாஹ். அவளையும் இப்ப எங்கேயோ வெச்சிருக்காங்க, யாரும் சொல்றாங்க இல்ல.

இப்திகார் எங்க ஒளிஞ்சிருக்கான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. நேத்து போன்ல கோல் எடுத்தான். மகளைத்தான் கேக்கிறான். இப்பவாவது மாறிட்டியாடான்னு கேட்டேன். மாறிட்டேன்னான்.

பிள்ளை எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க சேர்.